ஒல்லாந்தர் கண்ட ஆற்றங்கரை

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பட்டியலிலும் போர்க்களங்களிலும் தேடுவது வழக்கம். கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் அத்தேட்டத்திற்குத் துணைபுரியும். ஆயினும், அந்நாட்டுப் பொதுமக்கள் தாம் வாழ்ந்த மண்ணை எந்தக் கண்ணோடு நோக்கினர் என்பதை அவை எளிதில் உரைப்பதில்லை. அதனை அறிய வேறு சான்று வேண்டும். நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்த நெதர்லாந்து மக்களைப் பொறுத்தவரை, அத்தகைய சான்று ஒன்று நல்வாய்ப்பாக நமக்குக் கிடைத்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கலைஞர் செப்புத்தகட்டில் வரைந்து, தாளில் அச்சிட்டு, கடைகளில் விற்ற சிறு சித்திரங்களே அச்சான்று.

அவற்றுட் பல, இரு உள்ளங்கைகளை விரித்து அருகருகே வைத்தாற்போன்ற அளவினவே. வளைந்து செல்லும் ஓர் ஆறு. கரையில் ஒரு கூரைவீடு. துறையில் காத்து நிற்கும் ஓடம். தொலைவில் ஒரு காற்றாலையும் கோயிற்கோபுரமும். அவற்றின் மேலே விரிந்த வானம். காண்பதற்கு இவ்வளவே. மலையில்லை, அருவியில்லை, மாளிகையில்லை. இருப்பினும், இச்சித்திரங்களை அக்காலத்து மக்கள் விரும்பி வாங்கித் தொகுத்து வைத்தனர். தம் வீட்டு வாயிலைக் கடந்தால் நேரிலேயே காணக்கூடிய ஆற்றங்கரையைக் காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் போற்றுவானேன்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு இதன் விடையில் ஒரு தனிச் செய்தி உண்டு என்று கருதுவதால், இதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

செப்பும் அமிலமும்

மேலைநாட்டார் 'எட்சிங்' என வழங்கும் செய்முறையை முதலிற் சுருங்கக் கூறுவோம். மெருகிட்ட செப்புத்தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை இடுவர். அப்பூச்சின்மேல் ஊசியாற் கீறிப் படம் வரைவர். ஊசி சென்ற இடமெல்லாம் பூச்சு நீங்கிச் செம்பு வெளிப்படும். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இட்டால், வெளிப்பட்ட கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை அகற்றி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து, இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால், கோடுகளில் தங்கிய மை தாளில் ஏறிவிடும். தகட்டில் வலமாக இருப்பது தாளில் இடமாக வரும். இம்முறையில் ஆனவற்றைத் தகட்டுச் சித்திரம் என்றே இக்கட்டுரையிற் குறிப்போம்.

இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. உளியால் செம்பை நேரே செதுக்குவதற்குப் பொற்கொல்லர்க்குரிய நீண்ட பயிற்சி வேண்டும். மெழுகின்மேல் ஊசியை ஓட்டுவதற்கோ, தாளில் இறகுப்பேனாவால் வரையும் கை போதும். ஆகவே, வெளியிற் சென்று கண்டதைக் கண்டவாறே, கை ஓடும் வேகத்திலேயே தகட்டிற் பதிக்க முடிந்தது. இஃது ஒன்று. ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகளை எடுக்கலாம் என்பது மற்றொன்று. அரசர்க்கும் திருச்சபைக்கும் உரியதாக இருந்த சித்திரம், இதனால் சிறு வணிகனும் பள்ளியாசிரியனும் வாங்கக்கூடிய பொருளாயிற்று.

இக்கலை ஒல்லாந்தர் கண்டுபிடித்ததன்று. செருமானிய நாட்டு ஆல்டார்ஃபர் என்பார் சுமார் 1520-ஆம் ஆண்டிலேயே மனிதர் எவரும் இல்லாத இயற்கைக் காட்சிகளைத் தகட்டில் வரைந்திருக்கிறார். ஆயினும், அவர் வரைந்தவை மலைகளும் ஊசியிலை மரங்களும் நிறைந்த வியப்புக் காட்சிகள். வியப்புக்கு இடமே தராத தட்டையான நிலத்தையும், மெல்ல ஊர்ந்து செல்லும் ஆற்றையும் பார்க்கத்தக்க பொருளாக்கிய பெருமை ஒல்லாந்தரையே சாரும்.

மக்கள் ஆக்கிய மண்

அந்நிலத்தின் தன்மையை அறியாமல் அச்சித்திரங்களின் பொருளை அறிதல் இயலாது. ரைன் ஆறு நெதர்லாந்தினுட் புகுந்தபின் பல கிளைகளாகப் பிரிகின்றது. மாஸ் ஆறும் அங்கேயே கடலை அடைகின்றது. இவ்விரண்டும் கொணர்ந்த வண்டலும், சதுப்பிற் படிந்த புல்கரியுமே அந்நாட்டின் மேற்குப்பகுதி. இன்று அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. புல்கரி நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் பயிர் விளையும். ஆனால் வடிந்த நிலம் சுருங்கித் தாழும். தாழ்ந்தால் வெள்ளம் ஏறும். வெள்ளத்தைத் தடுக்கக் கரை வேண்டும். கரைக்குள் தேங்கிய நீரை இறைக்கக் காற்றாலை வேண்டும். இவ்வாறு ஒரு வேலை மற்றொரு வேலையை ஈன்றது.

இவ்வேலையை எந்தத் தனியொருவனும் செய்துமுடித்தல் இயலாது. மேட்டு நிலத்தான் தன் பங்குக் கரையைக் கவனியாது விட்டால், பள்ளத்து நிலத்தான் மூழ்குவான். ஆதலின், கரைகளையும் மதகுகளையும் பேணுவதற்கென்றே நீர் வாரியங்கள் தோன்றின. லெய்டன் நகரைச் சூழ்ந்த ரைன்லாந்து வாரியம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே இயங்கி வருகின்றது. கரையைப் பேணும் கடமையும் அதற்கான வரியும் நிலமுடையார் அனைவர்க்கும் பொது. அரசர் மாறினர், சமயம் மாறிற்று, நீர் வாரியம் மாறவில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முயற்சி பேருருக் கொண்டது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே இருந்த பெம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியை வற்றச்செய்து நிலமாக்கும் வேலை 1607-இல் தொடங்கிற்று. 1610-இல் புயலால் கடற்கரை அணை உடைந்து, வற்றிய ஏரி மீண்டும் நிரம்பிற்று. மனம் தளராது மறுபடியும் இறைத்தனர். ஒரு காற்றாலை நீரைச் சிறிதளவே உயர்த்த வல்லது. ஆகவே ஆலைகளை அடுக்கடுக்காக நிறுத்தி, ஒன்று இறைத்ததை மற்றொன்று வாங்கி மேலேற்றுமாறு அமைத்தனர். 43 காற்றாலைகள் உழைத்தன. 1612-இல் ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் வெளிப்பட்டது. நேர்கோடுகளாக வகுக்கப்பட்ட அந்நிலத்தை 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

நீர் அவர்க்குப் பகையாக மட்டும் இருந்ததில்லை. ஸ்பானிய மன்னனுக்கு எதிராக 1568-இல் தொடங்கி 1648-இல் மூன்ஸ்டர் உடன்படிக்கையோடு முடிந்த எண்பதாண்டுப் போரின்போது, லெய்டன் நகரை ஸ்பானியப் படை முற்றுகையிட்டது. நகரினுள் பசியாலும் நோயாலும் மக்கள் மாண்டனர். வேறு வழி காணாது, ஒல்லாந்தர் தம் கையாலேயே அணைக்கரைகளை உடைத்து, தம் வயல்களை வெள்ளத்துக்கு இரையாக்கினர். காற்று திரும்பி நீர் ஏறியதும், தட்டையடிப் படகுகள் வயல்களின் மீதே மிதந்து வந்து, 1574-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நகரை மீட்டன. அந்நாள் இன்றும் லெய்டனில் விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. கரையைக் கட்டுவதும் அவர் கையே. காலம் வரின் உடைப்பதும் அவர் கையே. இத்தகைய மக்கள் ஓர் ஆற்றங்கரைச் சித்திரத்தைக் காணும்போது அழகை மட்டுமா கண்டிருப்பர்? தம் பாட்டன் சுமந்த மண்ணையும், தாம் கட்டிய வரியையும், நாளை வரக்கூடிய வெள்ளத்தையும் சேர்த்தே கண்டிருப்பர்.

வந்தேறியோர் வரைந்த தாயகம்

இனி, இச்சித்திரங்களை வரைந்தவர் யாவர் என நோக்குவோம். ஈண்டே வரலாறு நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கின்றது.

1585-இல் தெற்கே இருந்த ஆண்ட்வெர்ப் நகரம் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. சீர்திருத்தச் சமயத்தைச் சார்ந்தோர் சமயம் மாற வேண்டும். அன்றேல் குறித்த காலத்திற்குள் வெளியேற வேண்டும் என்பது வென்றோர் விதித்த முறை. நெசவாளர், வணிகர், அச்சிடுவோர், ஓவியர் எனப் பல்லாயிரவர் வடக்கே பெயர்ந்தனர். ஆம்ஸ்டர்டாமும் ஹார்லெமும் லெய்டனும் அவர்களால் நிரம்பின. பேச்சின் ஒலி சற்று வேறு; உடையும் உணவும் சற்று வேறு. உள்ளூரார் அவர்களை முகமலர்ந்து ஏற்றதும் உண்டு, முணுமுணுத்ததும் உண்டு.

ஒல்லாந்து ஆற்றங்கரையைத் தகட்டில் முதன்முதல் நிலைநிறுத்திய தலைமுறையில் முன்னின்றோர் பலர் இவ்வாறு வந்தவர்களின் மக்களே. எசாயாஸ் வான் டி வெல்டேயின் தந்தை ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்தவர். அவருடைய உறவினராகிய யான் வான் டி வெல்டேயின் தந்தையும் அந்நகரத்தவரே; எழுத்துக்கலை ஆசிரியராக ராட்டர்டாமில் வாழ்ந்தவர். ஹெர்குலிஸ் சேகர்ஸ் என்பாரும் தெற்கிலிருந்து பெயர்ந்த துணி வணிகர் ஒருவரின் மகனே. தந்தையர் நெஞ்சில் விட்டுவந்த ஊர் நின்றது. மைந்தர் கண்முன் வந்துசேர்ந்த ஊர் விரிந்தது.

இவ்விரண்டையும் ஒருங்கே விற்ற கடை ஒன்று இருந்தது. கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் என்பார் (1587–1652) ஆம்ஸ்டர்டாமில் கால்வர் தெருவில் சித்திரமும் நிலப்படமும் வெளியிட்டு வந்தார். விஸ்ஸர் என்பதற்கு மீனவர் என்பது பொருள். அவர் கடையின் பெயர்ப்பலகையிலும் மீனவனே இருந்தான். அவர் வரைந்த காட்சிகளிலும் மூலையில் ஒரு தூண்டிற்காரன் அமர்ந்திருப்பதை அடிக்கடி காணலாம். 1609-இல் ஸ்பானியரோடு பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. நகர வாயில்கள் திறந்தன. அச்சமின்றி மக்கள் வெளியே உலாவ முடிந்தது. அவ்வமைதிக் காலத்தில், ஏறத்தாழ 1611, 1612-ஆம் ஆண்டுகளில், ஹார்லெமைச் சூழ்ந்த இனிய இடங்கள் என்னும் கருத்துள்ள தலைப்புடன் சிறு சித்திரத் தொகுதி ஒன்றை விஸ்ஸர் வெளியிட்டார். துணி வெளுக்கும் புல்வெளி, மணல்மேடு, வழிப்போக்கர் தங்கும் விடுதி, தொழுநோயாளர் இல்லம், கடலோரச் சிற்றூர் ஆகியவை அதில் இடம்பெற்றன. தொலைதூரம் செல்ல நேரம் வாய்க்காத கலையன்பர்க்கென்றே அத்தொகுதியை அவர் முன்வைத்தார்.

அதே 1612-இல் அவர் மற்றொரு தொகுதியையும் வெளியிட்டார். ஆண்ட்வெர்ப் நகரைச் சூழ்ந்த சிற்றூர்களின் காட்சிகள் அவை. அந்நகரத்து வெளியீட்டாளர் ஹீரோனிமஸ் காக் 1559-லும் 1561-லும் பதிப்பித்தவற்றை விஸ்ஸர் படியெடுத்துப் புதுப்பித்தார். ஐம்பது ஆண்டுகட்கு முற்பட்ட, வேற்று ஆட்சியின் கீழ்ப்பட்டுவிட்ட ஊர்களின் படங்களை ஆம்ஸ்டர்டாமில் வாங்குவோர் யார்? அந்நிலத்தை நினைந்து ஏங்கிய முதியோர் பலர் வாங்கியிருப்பர் எனக் கருதுவதற்கு இடமுண்டு. ஒரே கடையில், ஒரே ஆண்டுகளில், விட்டுவந்த மண்ணும் வந்துசேர்ந்த மண்ணும் அருகருகே விற்பனைக்கு இருந்தன. முதியவர் ஒன்றை எடுத்தார். இளையவர் மற்றொன்றை எடுத்தார். இரண்டையும் வாங்கி ஒரே பெட்டியில் வைத்த குடும்பங்களும் இருந்திருக்கும்.

யாம் கருதும் கருத்து இதுவே: ஒருவன் பிறந்த மண் தானே அவன் மண் ஆகிவிடுகின்றது, குடிபுகுந்த மண்ணோ, பார்த்துப் பார்த்துத்தான் தன் மண் ஆகின்றது. அவ்வாறு பார்க்கும் பயிற்சியை ஒல்லாந்தர்க்கு அளித்தவற்றுள் இத்தகட்டுச் சித்திரங்களுக்குச் சிறப்பிடம் உண்டு. அந்நாடும் அப்போது புதிது. மண்ணிற் பெரும்பகுதி புதிது. மக்களிற் பலரும் புதியோர்.

துறையும் ஓடமும்

யான் வான் டி வெல்டே, வில்லம் பைட்டவெக் முதலியோர் வெளியிட்ட தொகுதிகளை ஏடு புரட்டுவது போலப் புரட்டிக் காண்போமாயின், சில பொருள்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அவற்றுள் ஓடத்துறை ஒன்று. பாலங்கள் அரிதாக இருந்த நாட்டில், ஆற்றைக் கடக்க ஓடமே வழி. செல்வனும் உழவனும் மாடும் வண்டியும் ஒரே ஓடத்தில் ஏறவேண்டும். உயர்வு தாழ்வு பாராட்டும் உலகில், ஆற்றின் நடுவில் சிறிது நேரமேனும் அனைவரும் ஒரே பலகைமேல் நிற்கின்றனர்.

மற்றொன்று இடிந்த கோட்டை. ஹார்லெமுக்கு அருகிலிருந்த கிளேஃப் மாளிகையை 1572–73-இல் நகரை முற்றுகையிட்ட ஸ்பானியர் தம் தலைமையிடமாகக் கொண்டனர். பின்னர் அது தகர்க்கப்பட்டது. அதன் எஞ்சிய சுவர்களை விஸ்ஸரும் வரைந்தார், பைட்டவெக்கும் வரைந்தார். முற்றுகையின் கொடுமையை நேரிற் கண்ட முதியோர் அப்போதும் உயிரோடிருந்தனர். இனிய இடங்களின் வரிசையில் இவ்விடிபாட்டையும் வைத்ததன் நோக்கம், அவ்வினிமை எவ்விலைக்குப் பெறப்பட்டது என்பதை நினைவூட்டுவதே போலும்.

இச்சித்திரங்களில் ஓடத்தை வாழ்க்கைப் பயணமாகவும், இடிந்த கோபுரத்தை நிலையாமையின் அடையாளமாகவும் கொள்ளும் அறிஞரும் உளர். இவை வெறும் கண்ணின்பத்திற்கே என்பாரும் உளர். விவிலியத்தை நாள்தோறும் ஓதிய மக்கள் அவர். நாள்தோறும் ஓடத்தில் ஏறிய மக்களும் அவர். காலையில் ஓடக்கூலி கொடுத்தவன், மாலையில் அதே ஓடத்தில் வாழ்வின் பொருளைக் காணக்கூடாது என்பதில்லை. ஆதலின் இருசாரார் கூற்றையும் ஒருங்கே ஏற்பதில் தடையொன்றுமில்லை.

கரையோரம் நடக்கும் குதிரையையும், அது கயிற்றால் இழுத்துச் செல்லும் படகையும் பற்றி இங்குக் கூறாது விடுதல் இயலாது. 1632-இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே நேராக வெட்டப்பட்ட கால்வாயில் இழுவைப் படகுப் போக்குவரத்து தொடங்கிற்று. அதன் சிறப்பு வேகத்தில் இல்லை, காலந்தவறாமையில் இருந்தது. ஏறுவோர் பலராயினும் சிலராயினும், குறித்த நேரத்தில் மணி அடித்ததும் படகு புறப்படும். கட்டணமும் வரையறுக்கப்பட்டது. பின்னர் இத்தகைய கால்வாய்கள் பல நகரங்களை இணைத்தன. இருப்புப்பாதை அலுவலில் வாழ்நாளைக் கழிக்கும் எமக்கு, கால அட்டவணை என்பது நீராவிக்கு இருநூறு ஆண்டு மூத்தது என்று அறிந்தபோது உண்டான மகிழ்ச்சி பெரிது. 1839-இல் அந்நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அதே ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையேதான்.

ரெம்பிராண்டும் ஆம்ஸ்டல் ஆறும்

இக்கலையின் கொடுமுடி ரெம்பிராண்ட். 1606-இல் லெய்டனில் பிறந்த அவர் ஓர் ஆலைக்காரரின் மகன். ரைன் ஆற்றங்கரையில் இருந்த ஆலையே அக்குடும்பத்திற்கு வான் ரைன் என்னும் பெயரைத் தந்தது. ஆம்ஸ்டர்டாமில் குடியேறிப் பெரும் புகழ் பெற்றார். 1642-இல் அவர் மனைவி சாஸ்கியா மறைந்தார். 1640-க்கும் 1653-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நகருக்கு வெளியே ஆம்ஸ்டல் ஆற்றங்கரையில் நெடுந்தொலைவு நடந்து, கண்ட காட்சிகளை வரைந்தார். இயற்கைக் காட்சியைப் பொருளாகக் கொண்ட அவருடைய தகட்டுச் சித்திரங்கள் ஏறத்தாழ 26; அவை யாவும் இக்காலத்தனவே.

அவற்றுட் பெரியது 1643-இல் அமைந்த 'மூன்று மரங்கள்'. வலப்புற மேட்டில் மூன்று மரங்கள் நெருங்கி நிற்கின்றன. இடப்புற வானிலிருந்து மழை சாய்ந்து இறங்குகின்றது. தொலைவில் நகரம். இத்துணைப் பெரிய வானத்தின் கீழே மனிதர் எறும்பளவே. எனினும் அவர்கள் தத்தம் வேலையை விடவில்லை. நீரோரம் ஒருவன் தூண்டிலிட, அவனருகே ஒருத்தி அமர்ந்திருக்கின்றாள். மேட்டில் ஒரு வண்டி செல்கின்றது. ஒருவன் அமர்ந்து எதனையோ வரைகின்றான். புதர் நிழலில் காதலர் இருவர் மறைந்திருக்கின்றனர். பலமுறை பார்த்த பின்னரே கண்ணிற்படும் அளவுக்கு அவர்களை இருளில் மறைத்திருக்கின்றார் கலைஞர்.

1645-இல் அமைந்த 'ஓம்வல்' என்னும் சித்திரம் எமக்கு இன்னும் நெருக்கமானது. அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த ஒருவன் நமக்கு முதுகு காட்டிக் கரையில் நிற்கின்றான். ஆற்றில் கூண்டிட்ட படகொன்று பயணிகளோடு செல்கின்றது. எதிர்க்கரையில் வீடுகளும் காற்றாலையும் தெரிகின்றன. இடப்புறம் முதிர்ந்த மரமொன்றின் புதருக்குள்ளே இங்கும் காதலர் இருவர். நிகழ்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அந்த முதுகு காட்டி நிற்பவனோடு நாமும் நின்று ஆற்றைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

அந்த ஓம்வல் எவ்விடம்? ஆம்ஸ்டல் ஆற்றோடு, 1629-இல் வற்றச்செய்யப்பட்ட டீமர் ஏரியைச் சுற்றி வெட்டிய கால்வாய் சேரும் இடமே அது. எனவே, அக்கரையில் ஒருவன் அமைதியாக நின்று பார்க்கின்றான் என்றால், அவன் நிற்கும் இடத்திற்கு அருகே பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஏரியே இருந்தது. சித்திரம் தோன்றி ஆறாண்டு கழிந்து, 1651-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பெரும்புயலில் ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே புனித அந்தோணியார் அணைக்கரை உடைந்தது. வற்றிய ஏரி மீண்டும் வெள்ளக்காடாயிற்று. கலைஞர் பலர் அங்கே விரைந்து சென்று வரைந்தனர். பீட்டர் நோல்ப் என்பார் அவ்வுடைப்பைத் தகட்டுச் சித்திரமாக வெளியிட்டார். கரை புரண்டு பாயும் அந்நீரையும் ஓம்வலின் அமைதியான நீரையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் முன்னதன் அச்சமும் பின்னதன் அமைதியும் விளங்கும். உடைப்பு அடைக்கப்பட்டது, நிலம் மறுபடியும் இறைக்கப்பட்டது.

ரெம்பிராண்டின் கைவேகத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. யான் சிக்ஸ் என்னும் நண்பரின் இல்லத்தில் உணவுக்கு அமர்ந்தபோது கடுகுச்சாந்து இல்லாமையால் பணியாளை ஊருக்குள் அனுப்பினராம். அவன் திரும்புமுன் தகட்டில் பாலம் ஒன்றை வரைந்து முடிப்பேன் என்று பந்தயம் கட்டி, ரெம்பிராண்ட் வென்றாராம். 1645-ஆம் ஆண்டு குறித்த 'சிக்ஸின் பாலம்' அதுவே என்பர். நூறாண்டுக்குப் பின் பாரிசு நகரத்து வணிகர் ஒருவர் எழுதிய இக்கதையை மெய்யெனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு மரப்பாலம், இரண்டு மனிதர், ஒரு பாய்மரம், அடிவானத்தில் ஒரு கோபுரம் ஆகியவற்றைச் சில கோடுகளிலே காட்டிய அச்சித்திரத்தைக் காண்போர், கதை தோன்றிய காரணத்தை உணர்வர்.

சித்திரங்கள் காட்டாத கரை

இதுவரை கூறியவை பெருமைக்குரியவை. வரலாறு எழுதுவோன் மறுபுறத்தையும் காட்டுதல் கடன். ஓடக்காரனையும் தூண்டிற்காரனையும் மதித்து வரைந்த அக்காலத்திலேயே, அந்நாட்டுக் கப்பல்கள் நம் கடற்கரைக்கு வந்தன.

1602-இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றிற்று. அதனை நிறுவியோருள் டிர்க் வான் ஓஸ் என்பாரும் ஒருவர். ஆண்ட்வெர்ப்பிலிருந்து பெயர்ந்து வந்த வணிகர் அவர். அவரும் அவர் தம்பியுமே பெம்ஸ்டர் ஏரியை நிலமாக்கும் முயற்சிக்கு முன்னின்றோர். ஒரே கை வீட்டருகே ஏரியை வயலாக்கிற்று. அதே கை கடல் கடந்து வாணிகம் நடத்திற்று. 1610-இல் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் காலூன்றினர். 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். ரைனும் வாலும் பாயும் கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரே பழவேற்காட்டு உப்பங்கழியின் கரையில் அக்கோட்டைக்கு இடப்பட்டது. 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேசியரிடமிருந்து கைப்பற்றினர்; 1690-இல் தலைமையிடத்தையும் அங்கே மாற்றினர். சோழமண்டலத்துத் துணிகளைக் கொண்டு கீழைத் தீவுகளில் நறுமணப் பொருள் வாங்கினர்.

துணி மட்டுமா சென்றது? பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நேர்ந்த காலங்களில், நம் கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக வாங்கப்பட்டு, பட்டேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1621-இல் பாண்டா தீவுகளைக் கைப்பற்றியபோது அங்கிருந்த குடிகளை ஏறத்தாழ முற்றிலும் அழித்த கம்பெனி, சாதிக்காய்த் தோட்டங்களில் அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கிற்று. யாம் கண்ட ஆற்றங்கரைச் சித்திரம் எதிலும் இக்கப்பல்களின் சுமை தென்படவில்லை. ஆம்ஸ்டல் ஆற்றங்கரையில் முதுகு காட்டி நிற்கும் அம்மனிதன் அணிந்த ஆடையின் விலையில், பழவேற்காட்டில் பிரிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பங்கு இருந்ததோ இல்லையோ, யாரறிவார்? தம் மண்ணைக் கூர்ந்து நோக்கிய கண்கள் பிறர் மண்ணை நோக்கும்போது கூர்மை இழந்தன. இதனைச் சொல்வதால் அச்சித்திரங்களின் பெருமை குறையாது. சொல்லாது விட்டால் நம் மக்களுக்குச் செய்யும் கடமையிற் குறைவோம்.

கீழை நாடுகளிலிருந்து சென்றவற்றுள் கலைக்குப் பயன்பட்டனவும் உண்டு. 1647 முதல் ரெம்பிராண்ட் தம் சித்திரங்கள் சிலவற்றைக் கம்பெனிக் கப்பலில் வந்த சப்பானியத் தாளில் அச்சிட்டார். அத்தாளின் இளமஞ்சள் நிறம் மாலை வெயிலைப் போல அமைந்தது. மொகலாய ஓவியங்களையும் அவர் மிகுந்த மதிப்போடு பார்த்து வரைந்திருக்கின்றார்; அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள. ஒரு கலைஞன் மற்றொரு நாட்டுக் கலையை வணங்கிக் கற்றதற்கு இஃது எடுத்துக்காட்டு. வணிகர் அவ்வாறு கற்றிருப்பின் நம் கடற்கரையின் கதை வேறாகியிருக்கும்.

இன்றைக்கும் ஆகும் பாடம்

ஆற்றோடு ஒல்லாந்தர் நடத்திய வழக்கு இன்னும் முடியவில்லை. 1953-ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் கடல் பொங்கி அணைகளை உடைத்ததில் அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். அதன் பின்னர் மாபெரும் கடல் தடுப்புகளைக் கட்டினர். 1995-இல் ஆறுகள் பெருகியபோது சுமார் 2,50,000 மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற நேர்ந்தது. கரை அன்று உடையவில்லை. எனினும், கரையை மேலும் மேலும் உயர்த்துவதே வழியன்று என்று உணர்ந்து, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தை மேற்கொண்டு, பல இடங்களில் கரைகளைப் பின்னுக்கு நகர்த்தி, வெள்ளம் பரவ வெளி அமைத்தனர். உழவர் சிலர் தம் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஊர் பிழைப்பதற்குத் தன் நிலத்தில் நீரை ஏற்பது, லெய்டன் மீட்கப்பட்ட நாள்முதல் அம்மக்கள் அறிந்த பாடமே.

நம் சங்கத்து அன்பர்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்து இதனை முடிப்போம். நம் வீடுகளில் காவிரியின் படமும் பொருநையின் படமும் இருத்தல் வேண்டும். பெற்றோர் பிறந்த மண்ணின் நினைவு பிள்ளைகட்குப் பெருஞ்செல்வம். அதனோடு, நாம் நாள்தோறும் பாலத்தின்மேல் கடந்து செல்லும் இவ்வூர் ஆற்றையும் நின்று பார்ப்போமாக. அதன் பெயர் எங்கிருந்து வந்தது, எங்கே தோன்றி எங்கே சேர்கின்றது, எந்த ஆண்டில் பெருகிற்று, அதன் துறையில் யார் தொழில் செய்கின்றனர் என்பவற்றை நம் பிள்ளைகட்குக் காட்டுவோமாக. வரையும் கை வாய்த்த பிள்ளை எவரேனும் இருப்பின், ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து அக்கரையில் அமர்த்துவோமாக. அடுத்த ஆண்டு மலரில் அப்படத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.